சாயத்தை எடுத்துப் போடும் கோலம்: வாசகர் கேள்வி – பதில்

அடர்நிறப் பருத்தித் துணியில் பிளீச் திரவத்தால் கோடும் புள்ளியும் இட்டு, அந்த இடங்களில் மட்டும் சாயத்தை வெளுக்கச் செய்து, குஷன் உறை, மேசை விரிப்பு, திரைச்சீலை முதலியவற்றை அலங்கரிக்கும் முறையைப் பற்றிச் சென்ற இதழின் கைவேலைப் பகுதியில் எழுதியிருந்தோம். செய்து பார்த்தவர்களும் செய்யத் தயங்குகிறவர்களும் அனுப்பிய கேள்விகளில் பலருக்கும் பொதுவானவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறோம். எப்படி வரைவது என்று கேட்டவர்களே மிகுதி; வெளுப்பை எப்படி நிறுத்துவது என்பதைத் தொட்டு எழுதியவர் ஒருவர்தான். அவருடைய கேள்விக்கே இங்கே அதிக இடம் தந்திருக்கிறோம்.

கேள்வி: ஒரே கடையில் வாங்கிய மூன்று கருநீலக் குஷன் உறைகளில், ஒரே பிளீச்சைக் கொண்டு இலை வடிவம் வரைந்தேன். ஒன்றில் பளிச்சென்று வெளுத்தது. இன்னொன்றில் புகைபோல மங்கலாகத் தெரிகிறது. மூன்றாவதில் அரை மணி நேரமாகியும் ஒரு மாற்றமும் இல்லை. பிளீச்சில் கலப்படமா?
— ஒரு வாசகி, கரூர்

பதில்: ஒரு உறையில் நன்றாக வேலை செய்திருப்பதால் பிளீச்சின் மேல் குறை சொல்ல இடமில்லை. வேறுபாடு துணியிலும் அதில் ஏறியிருக்கும் சாயத்திலும் இருக்கிறது. வெள்ளைத் துணிகளை வெளுக்க நாம் வாங்கும் திரவ பிளீச், சோடியம் ஹைப்போகுளோரைட் என்னும் பொருளின் கரைசல். சாய மூலக்கூறில் நிறத்துக்குக் காரணமாக உள்ள பிணைப்புகளை அது உடைத்துவிடுவதால்தான் துணி வெளுக்கிறது. பருத்தித் துணிக்கு இன்று பரவலாக ஏற்றப்படும், இழையோடு வேதிப் பிணைப்பால் ஒட்டும் ரியாக்டிவ் சாயங்களில் பெரும்பாலானவை இப்படி உடைபடும். நீரில் கரையாத நிலையில் இழைக்குள் தங்கும் வாட் சாயங்களில் பெரும்பாலானவையோ குளோரின் சார்ந்த இந்தப் பிளீச்சுக்கு எளிதில் அசைந்துகொடுப்பதில்லை. அடிக்கடி வெளுத்துத் துவைக்க வேண்டிய துணிகளுக்கு அவற்றை விரும்பி ஏற்றுவதே இந்தக் குணத்துக்காகத்தான். ஆகவே உங்கள் மூன்றாவது உறை வாட் சாயமேற்றிய பருத்தியாக இருக்கலாம், அல்லது முழுவதும் பாலியஸ்டராக இருக்கலாம். பாலியஸ்டர் இழையின் உள்ளே சாயம் புதைந்து கிடப்பதால் பிளீச் அதை எட்டுவதில்லை. புகைபோலத் தெரிகிற உறை, பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த நூலில் நெய்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். பருத்தி இழை வெளுத்து, மற்றது அப்படியே நிற்கும்போது இந்த மங்கல் தோன்றும்.

தையல் மடிப்பின் உட்புறத்திலிருந்து இரண்டு நூலை உருவி, இடுக்கியால் பிடித்து, தண்ணீர்த் தட்டின் மேலாகத் தீக்காட்டிப் பாருங்கள். பருத்தி, காகிதம் எரியும் மணத்தோடு எரிந்து மெல்லிய சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் சுருங்கி உருகி, ஆறியதும் கடினமான மணியாக இறுகும். சாயத்தைக் கண்டறிய இப்படி எளிய வழி இல்லை; உள்மடிப்பில் ஒரு சொட்டு பிளீச் வைத்துப் பத்து நிமிடம் காத்திருப்பதே வழி. ஆனால் நீங்கள் வீட்டு உபயோகத் துணிகளுக்குப் பெயர்பெற்ற ஊரில் இருக்கிறீர்கள். எந்தச் சாயம் என்று கேட்டால் தயங்காமல் சொல்லக்கூடியவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள்.

பத்து நிமிடத்தில் மாறாத துணியை அதோடு விட்டுவிடுங்கள். பிளீச்சின் அளவைக் கூட்டினால் சாயம் போகாது, நூல்தான் போகும். எல்லாத் துணிகளிலும் ஒன்றுபோல மந்தமாக இருந்தால் மட்டும் புட்டியைச் சந்தேகிக்கலாம். வெயிலிலும் வெப்பத்திலும் வைத்த பிளீச் சில மாதங்களில் வீரியம் இழந்துவிடும் என்பதால், வாங்கும்போது தயாரிப்புத் தேதியைப் பார்த்து வாங்குவது நல்லது.

கேள்வி: கறுப்புத் துணியில் தூய வெள்ளையாகப் பூக்கள் வர வேண்டும் என்று செய்தேன். எல்லாம் செங்கல் நிறத்தில் வந்திருக்கின்றன. இன்னும் சற்று நேரம் விட்டிருக்க வேண்டுமா?
— ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: விட்டிருக்க வேண்டியதில்லை. கறுப்பு பெரும்பாலும் பல சாயங்களின் கலவை. அவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் போவதால், முதலில் போன நிறங்கள் போக, எஞ்சியது உங்கள் கண்ணுக்குச் செங்கல்லாகத் தெரிகிறது. சில கறுப்புகள் இளஞ்சிவப்பில் நிற்கும், சில சாம்பல் கலந்த பச்சையில் நிற்கும். எது வரும் என்பதை ஓரத்தில் சோதித்தால்தான் அறிய முடியும். அந்த நிறத்தை ஏற்றுக்கொண்டு அதற்கேற்ப வடிவத்தைத் தேர்வதே இந்தக் கலையின் சுவை என்பது எங்கள் கருத்து. கறுப்பின் மேல் செங்கல் நிறப் பூக்கள், மரச் சாமான்கள் உள்ள கூடத்துக்கு வெள்ளையைவிடப் பொருத்தமாக இருக்கும். அதையும் தாண்டி வெள்ளைதான் வேண்டும் என்றால், நன்றாக வெளுக்கும் கருநீலத் துணியைத் தேடி வாங்குவது மேல்.

கேள்வி: சென்ற ஆண்டு தலையணை உறைகளில் பிளீச்சால் வட்டங்கள் போட்டு, பலரும் சொல்வதுபோல் வினிகர் கலந்த நீரில் அலசி நிறுத்தினேன். சில துவைப்புகளுக்குப் பிறகு வட்டங்கள் இருந்த இடமெல்லாம் நைந்து ஓட்டையாகிவிட்டது. வினிகர் போதவில்லையா?
— ஒரு வாசகி, மதுரை

பதில்: வினிகர் பிளீச்சை முறிக்காது. பரவலாகச் சொல்லப்படும் இந்த யோசனையைக் கைவிட வேண்டும் என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, உங்கள் உயிர் பற்றியது. ஹைப்போகுளோரைட்டோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். துணியில் ஒட்டியிருக்கும் சிறிதளவு பிளீச்சிலிருந்து வரும் வாயு சிறிதளவுதான் என்றாலும், மூடிய குளியலறையில் வாளி மேல் குனிந்து நிற்பவரின் மூச்சுக்கு அதுவே அதிகம். இரண்டாவது, துணி பற்றியது. கடையில் வாங்கும் பிளீச் கடும் காரத்தன்மை உடையதாகத் தயாரிக்கப்படுகிறது. காரம் தணிந்து நடுநிலையை நெருங்கும்போதுதான் ஹைப்போகுளோரைட் பருத்தியின் செல்லுலோஸ் சங்கிலிகளை மிகக் கடுமையாக அறுக்கிறது. வினிகர் நீர், துணியை அந்த ஆபத்தான நிலைக்கு இழுத்துச் செல்கிறது. நிறுத்துகிறோம் என்று எண்ணி, அறுப்பை நாமே விரைவுபடுத்துகிறோம்.

வெறும் நீரில் அலசுவதும் பிளீச்சை மெலிவிக்குமே தவிர முறிக்காது. நூலின் முறுக்குக்குள் தங்கிவிட்ட மிச்சம், துணி காய்ந்து அலமாரிக்குள் போன பிறகும் இழையை அரித்துக்கொண்டிருக்கும். உங்கள் உறைகள் முதல் நாளில் உறுதியாகத் தோன்றிப் பிறகு நைந்ததற்கு இதுவே காரணமாக இருக்க வேண்டும்.

முறிப்பதற்கு உரிய பொருள் சோடியம் தயோசல்ஃபேட். பழைய புகைப்பட நிலையங்களில் ஹைப்போ என்று சொல்வார்களே, அதுதான். வேதிப்பொருள் விற்கும் கடைகளில் படிகமாகக் கிடைக்கும். குழாய் நீரில் உள்ள குளோரினைப் போக்குவதற்காக வண்ணமீன் கடைகளில் ஆன்டி குளோரின் என்று விற்கும் படிகங்களிலும் பெரும்பாலும் இதே பொருள்தான் இருக்கும், விலையும் குறைவு. வடிவம் நீங்கள் விரும்பிய அளவுக்கு வெளுத்ததும், முதலில் ஓடும் நீரில் துணியை நன்றாக அலச வேண்டும். அதன் பின், ஒரு லிட்டர் நீருக்கு ஒரு தேக்கரண்டி வீதம் ஹைப்போவைக் கரைத்து, துணி முழுவதும் மூழ்கும்படி கால் மணி நேரம் ஊறவைத்து, மறுபடி அலசிச் சோப்புத்தூள் போட்டுத் துவைக்க வேண்டும்.

ஹைப்போ கிடைக்காத ஊரில், மருந்துக் கடையில் புண் கழுவ வாங்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு கைகொடுக்கும். ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு நீர் சேர்த்து, அலசிய துணியை அதில் இட்டால், பிளீச் மிச்சமிருக்கும் இடங்களிலிருந்து நுண்ணிய குமிழிகள் கிளம்பும். வரைந்த கோடுகளின் மேல் மட்டும் குமிழிகள் வரிசையாக எழுவதைக் காணும்போது, வெறும் நீரில் அலசிய துணிக்குள் எவ்வளவு பிளீச் ஒளிந்திருந்தது என்பது கண்கூடாகப் புரியும். குமிழி அடங்கும் வரை காத்திருந்து எடுங்கள். முறிக்காத துணியை வெயிலில் உலர்த்துவதும் அதன் மேல் இஸ்திரிப் பெட்டி வைப்பதும் கூடாது. வெப்பம் அரிப்பை வேகப்படுத்தும்.

கேள்வி: மேசை விரிப்பில் புள்ளிக் கோலம் போட ஆசை. தூரிகையால் தொட்டு வைத்தால் ஒவ்வொரு புள்ளியும் ஊறிப் பரவி, பக்கத்துப் புள்ளியோடு கலந்துவிடுகிறது. தூரிகையும் இரண்டாம் நாளில் மொட்டையாகிவிட்டது.
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: தூரிகை மொட்டையானது அதன் முடி விலங்கு முடி என்பதால். முடியும் பட்டும் கம்பளியும் புரத இழைகள். ஹைப்போகுளோரைட் அவற்றைக் கரைத்தே விடும். காது குடையும் பஞ்சுக்குச்சி, சிறிய பஞ்சுத் துண்டு, கூர்முனை உள்ள பிளாஸ்டிக் புட்டி ஆகியவை போதும். பிளீச்சை ஊற்றிவைக்கும் கிண்ணம் கண்ணாடியாகவோ பீங்கானாகவோ பிளாஸ்டிக்காகவோ இருக்கட்டும், உலோகம் வேண்டாம்.

பரவலைத் தடுக்க வேண்டுமானால் பிளீச்சைக் கூழாக்க வேண்டும். ஒரு கோப்பை நீரில் இரண்டு மேசைக்கரண்டி சோளமாவைக் கரைத்து, கட்டி தட்டாமல் கிளறிக் காய்ச்சி, முற்றிலும் ஆறவிடுங்கள். ஆறிய கூழில் வேண்டிய அளவை மட்டும் எடுத்து, அதே அளவு பிளீச் சேர்த்துக் கலக்குங்கள். சூடான கூழில் ஒருபோதும் சேர்க்கக்கூடாது. பிளீச் மாவுச்சத்தையும் சிதைப்பதால், நேரம் ஆக ஆகக் கலவை நீர்த்துப்போகும். ஆகையால் ஒரு பகுதிக் கோலத்துக்கு வேண்டியதை மட்டும் கலந்து, அது முடிந்ததும் அடுத்ததைக் கலப்பது சரி.

விரிப்பைத் துவைத்து, கஞ்சி ஏதும் இல்லாமல் உலர்த்தி, தட்டையான பலகை மேல் பிளாஸ்டிக் தாள் பரப்பி அதன்மேல் சுருக்கமில்லாமல் ஒட்டுநாடாவால் இழுத்து ஒட்டுங்கள். குஷன் உறையானால் உள்ளே பிளாஸ்டிக் சுற்றிய அட்டையைச் செருகாவிட்டால் முன்பக்கக் கோலம் பின்பக்கத்திலும் விழும். தையல்காரர் சுண்ணக்கட்டியால் புள்ளிகளை முன்னதாகக் குறித்துக்கொள்ளுங்கள். பஞ்சுக்குச்சியை நனைத்ததும் கிண்ணத்தின் விளிம்பில் ஒருமுறை அழுத்தி வடித்துவிட்டு, துணியில் நேராக ஊன்றி எடுக்க வேண்டும், இழுக்கக்கூடாது. வைத்தவுடன் புள்ளி ஈரக் கறையாக, துணியைவிட அடர்ந்தே தெரியும். ஓரிரு நிமிடத்தில் நடுவில் பழுப்பு தோன்றி விளிம்பை நோக்கிப் படரும். ஈரத்தில் காணும் நிறம், உலர்ந்த பின் இன்னும் ஒரு படி வெளிறும் என்பதால், வேண்டிய நிறத்துக்குச் சற்று முன்பே நிறுத்துவதுதான் கைப்பழக்கம்.

பலரும் கவனிக்காத ஒன்று, நேரம். பதினைந்து புள்ளி வரிசையுள்ள கோலத்தில் கடைசிப் புள்ளியை வைத்து முடிக்கும்போது முதல் புள்ளி வெளுத்து முடிந்து, அரிப்பைத் தொடங்கியிருக்கும். வாசலில் ஒரே மூச்சில் கோலத்தை இழுத்துவிடுவதுபோல இங்கே முடியாது. கோலத்தை நான்கு கால்களாகப் பிரித்து, ஒரு காலை வரைந்து, வெளுக்கவிட்டு, அலசி, முறித்து, உலர்த்திய பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். பொறுமையில்லாதவர்கள் புள்ளிகளை மட்டும் வைத்துச் சுற்றுக் கோடுகளை வெள்ளை நூலால் தைத்துவிடலாம், அதுவும் அழகுதான்.

கேள்வி: பழைய பட்டுப்புடவைகளை வெட்டிக் குஷன் உறை தைக்கிறேன். அவற்றில் பிளீச் ஓவியம் செய்யலாமா?
— ஒரு வாசகி, காஞ்சிபுரம்

பதில்: கூடாது. பட்டு கரைந்து மஞ்சளாகி இற்றுவிடும், சரிகையும் கறுக்கும். பட்டில் சாயத்தை எடுத்து வடிவம் காட்டுவதற்கு வேறு வகை வேதிப்பொருள்களைக் கொண்டு, நீராவியில் வேகவைத்துச் செய்யும் முறைகள் உள்ளன. பின்னலாடைத் தொழிலில் டிஸ்சார்ஜ் பிரிண்ட் என்று சொல்லப்படும் அந்த வகை வேலை, அச்சுப் பட்டறைகளுக்கு உரியது. வீட்டு அடுப்பங்கரைக்கு உரியதில்லை. லைக்ரா என்னும் இழுபடும் இழை கலந்த துணியும் நைலானும் பிளீச்சுக்கு ஒத்துவராதவையே.

கேள்வி: கிணற்றில் போடும் பிளீச்சிங் பவுடர் வீட்டில் நிறைய இருக்கிறது. அதைக் கரைத்துப் பயன்படுத்தலாமா?
— ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: அது கால்சியம் ஹைப்போகுளோரைட்டும் சுண்ணாம்பும் கலந்த பொருள். திரவ பிளீச்சில் ஹைப்போகுளோரைட் பெரும்பாலும் 4 முதல் 6 விழுக்காடு என்றால், நல்ல பவுடரில் பயன்படக்கூடிய குளோரின் 30 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும். கரைசலின் வீரியத்தை வீட்டில் அளந்து கலப்பது கடினம் என்பது ஒரு சிக்கல். கரையாத சுண்ணாம்புத் துகள் துணியில் படிந்து, அதைச் சுற்றி மட்டும் திட்டுத்திட்டாக வெளுப்பது இன்னொரு சிக்கல். கிணற்றுக்கு வாங்கியதைக் கிணற்றுக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சுங்குடிச் சேலைபோலத் துணியை முடிந்து கட்டி, பிளீச் நீரில் முக்கினால் வெள்ளைப் புள்ளிகள் வருமா?
— ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: நேர்மாறாக வரும். மதுரையில் சௌராஷ்டிரக் கைவினைஞர்கள் வளர்த்த சுங்குடி முறையில், முடிச்சுக்குள் சாயம் புகாததால் அடர்நிறத் தரையில் வெள்ளைப் புள்ளி நிற்கிறது. ஏற்கெனவே சாயமேறிய துணியை முடிந்து பிளீச்சில் முக்கினால், முடிச்சுக்குள் பிளீச் புகாமல் அங்கே பழைய நிறம் தங்கி, தரை முழுவதும் வெளுத்துவிடும். முழுத் துணியும் பிளீச்சில் நனைவதால் உறுதியும் குறையும். சுங்குடியின் சாயல் வேண்டுமானால், முடிந்து கட்டிய முடிச்சின் நுனியை மட்டும் பிளீச் தோய்ந்த பஞ்சால் ஒற்றி எடுங்கள். அவிழ்த்த பின் ஒழுங்கற்ற சிறு வளையங்களாகத் தெரியும்.

கேள்வி: இது அண்மையில் வெளிநாட்டில் தோன்றிய பொழுதுபோக்கா, பழைய வழக்கமா?
— ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: பொழுதுபோக்காவதற்கு வெகுகாலம் முன்பே இது ஆலைத் தொழிலாக இருந்தது. 1774இல் சுவீடன் வேதியியலர் ஷேலே குளோரினைக் கண்டறிந்தார். அதன் வெளுக்கும் ஆற்றலை 1785ஐ ஒட்டி பிரெஞ்சு வேதியியலர் பெர்த்தொலே எடுத்துக்காட்டினார். 1799இல் சார்ல்ஸ் டென்னன்ட் பிளீச்சிங் பவுடருக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் துணியை வெளுக்க வாரக்கணக்கில் புல்வெளியில் வெயிலில் விரித்துவைக்க வேண்டியிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கிளாஸ்கோவில் ஹென்றி மான்டீத்தின் ஆலையில், துருக்கிச் சிவப்பு என்னும் அடர்சிவப்புச் சாயமேற்றிய துணிகளைப் பல அடுக்குகளாக வைத்து, துளையிட்ட ஈயத் தகடுகளுக்கு இடையே இறுக்கி, துளைகளின் வழியே வெளுப்பு நீரைச் செலுத்தினார்கள். தகடு அழுத்திய இடத்தில் சிவப்பு நின்றது, துளையிருந்த இடத்தில் வெள்ளைப் புள்ளி வந்தது. இந்தியாவிலிருந்து சென்ற புள்ளிக் கைக்குட்டைகளை முடிச்சு இல்லாமல் போலி செய்யும் வழி அது. ஏறக்குறைய அதே காலத்தில் பிரான்சின் முலூஸ் நகரில் டேனியல் கேக்லின், சிவப்புத் துணியில் டார்டாரிக் அமிலப் பசையால் வடிவத்தை அச்சிட்டு, துணியைப் பிளீச்சிங் பவுடர் கரைசலில் தோய்த்தார். அமிலம் பட்ட இடத்தில் மட்டும் குளோரின் வெளிப்பட்டு, அங்கே மட்டும் வெளுத்தது. மதுரை வாசகிக்குச் சொன்ன வினிகர் ஆபத்தும் இந்த அச்சு முறையும் ஒரே வேதிவினைதான்.

கேள்வி: கைக்குழந்தை உள்ள வீட்டில் செய்யலாமா? எங்கே செய்வது?
— ஒரு வாசகி, சேலம்

பதில்: குழந்தை இல்லாத நேரத்தில், மொட்டை மாடியிலோ காற்றோட்டமான திண்ணையிலோ நிழலில் செய்யுங்கள். ஆஸ்துமா உள்ளவர் அருகில் இருக்க வேண்டாம். ரப்பர் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். தெளிப்பான் கொண்டு அடித்தால் நுண்துளி மூச்சில் ஏறும் என்பதால் நாங்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறோம்: நம் ஊரில் கழிவறை சுத்தம் செய்ய வாங்கும் திரவங்களில் பல ஹைட்ரோகுளோரிக் அமிலம் கொண்டவை. மிஞ்சிய பிளீச்சைக் கழிவறையில் ஊற்றும்போது அங்கே அந்தத் திரவம் இருந்தால், வினிகரால் வருவதைவிடப் பன்மடங்கு குளோரின் கிளம்பும். அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவமும் சேரக்கூடாது. மிச்சத்தை ஒரு வாளி நீரில் மெலிவித்து, வேறு எதுவும் இல்லாத சாக்கடைத் துளையில் விடுங்கள். செடிகளுக்கு ஊற்ற வேண்டாம்.

கேள்வி: வெளுத்த பூக்களுக்குள் மஞ்சள், பச்சை என்று வேறு நிறம் தீட்ட முடியுமா?
— ஒரு வாசகர், புதுச்சேரி

பதில்: தாராளமாகத் தீட்டலாம், ஹைப்போவில் முறித்துத் துவைத்து முற்றும் உலர்ந்த பிறகு. பிளீச் மிச்சமிருந்தால் புதிய நிறத்தையும் அது தின்றுவிடக்கூடும். அடிநிறம் செங்கல்லாக இருந்தால் மஞ்சளும் காவியும் ஒளிரும்; நீலம் சேறுபோலாகும். துணிக்கென விற்கும் அக்ரிலிக் வண்ணத்தை மெல்லியதாகத் தீட்டி, ஒரு நாள் உலரவிட்டு, வண்ணப் புட்டியில் குறித்திருக்கும் வெப்ப அளவில் துணியின் பின்புறமிருந்து இஸ்திரி போடுங்கள். வெளுத்த இடம் மற்ற இடத்தைவிடச் சற்று மெலிந்ததாகவே இருக்கும் என்பதால், பிறகு துவைக்கும்போது உறையை உள்புறம் வெளியே வரும்படி திருப்பி, கல்லில் அடிக்காமல் கையால் கசக்கித் துவைப்பது நல்லது.